யானையைக் கேட்டுக் கட்டு!

வீட்டை ஒட்டி இன்னொரு ரூம் இழுத்துக் கட்ட ஆசைப்படாத தமிழன் கிடையாது. முதலில் துணி காயப்போட ஒரு தகரக் கொட்டகை. அப்புறம் அதற்கு மூன்று பக்கம் சுவர். அப்புறம் ஒரு கதவு. பேரன் பிறக்கிற சமயத்தில் அது 'கெஸ்ட் ரூம்' ஆகியிருக்கும். சென்னையில் இதற்கு வேண்டியது கொஞ்சம் சிமெண்ட், ஒரு மேஸ்திரி, பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பைத் தாங்குகிற நெஞ்சுரம். அவ்வளவுதான்.

மசினகுடியில் அப்படி இல்லை. அரசாங்கத்தைக் கேட்க வேண்டும். கோர்ட் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாக யானையைக் கேட்க வேண்டும். இதில் கடைசி ஆசாமிதான் ரொம்பக் கண்டிப்பு.

எனக்கு இது தெரிய வந்தது சித்தப்பாவின் மரவேலைப் பட்டறையால். மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பென்ஷன் வாங்கியதும் மற்றவர்கள் காசிக்குப் போவார்கள். இவர் இழைப்புளி வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அதில் ஸ்டூல், அலமாரி, கோழிக்கூண்டு என்று எதையாவது செய்துகொண்டே இருப்பார். ஒருநாள் போன் வந்தது.

"டேய், தை மாசம் பாப்பாவுக்குக் கல்யாணம். கட்டில் நான்தான் செய்யறேன். பட்டறையை ஆறடி இழுத்துக் கட்டணும். நாலு நாள் லீவு போட்டுட்டு வா."

"நான் வந்து என்ன சித்தப்பா பண்ணப் போறேன்?"

"செங்கல் தூக்கு!"

போனேன்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழி சுமார் முப்பது கிலோமீட்டர். அதற்குள் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே வந்தால் வயிற்றில் இருப்பது மேலே வருவதைக் கொஞ்சம் மறக்கலாம். சொந்தக் காரில் வரும் வெளியூர்க்காரர்களை இந்த ரோட்டில் இறங்க விடுவதில்லை. 2018-ல் நடந்த ஒரு கோர விபத்துக்குப் பிறகு இந்தக் கட்டுப்பாடு. அவர்கள் கூடலூர், தெப்பக்காடு என்று சுற்றித்தான் வர வேண்டும். எனக்குக் கவலையில்லை, பஸ்.

மலைப்பிரதேசம் போகிறவன் ஏற ஏற ஸ்வெட்டர் போடுவான். மசினகுடி போகிறவன் இறங்க இறங்கக் கழற்றுவான். ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். மேலே தைல மரமும் பனியும். கீழே முள்ளுக்காடும் புழுதியும். மேகமெல்லாம் மேற்கே கூடலூர்ப் பக்கமே கொட்டித் தீர்த்துவிட்டுக் காலிக் குடத்தோடு இங்கே வருகிறது.

தண்ணீர் இல்லாத ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். மின்சாரமே இங்கே தண்ணீரில்தான். பைக்காராத் தண்ணீரை மலை மேலிருந்து குழாயில் இறக்கி 1932-லேயே சிங்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். அந்தத் தண்ணீர் மரவகண்டி அணைக்கு வந்து, மாயாறு மின் நிலையத்தில் இன்னொரு தடவை வேலை பார்க்கிறது. ஓவர்டைம் கேட்பதில்லை! இந்த வேலைகளுக்காக வந்து, அப்படியே ஊரோடு ஒட்டிக்கொண்ட குடும்பங்கள் பல. சித்தப்பா குடும்பமும் அப்படித்தான்.

பட்டறையைப் பார்த்ததும் அவர் கஷ்டம் புரிந்தது. நீளம் பத்தடி, அகலம் எட்டடி. செங்கல் சுவர், தகரக் கூரை. நடுவில் ஒரு மேஜை ரம்பம். இரும்பு, கனம், நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும்.

"கட்டிலோட பக்கச் சட்டம் எவ்வளவு நீளம்?" என்று வாத்தியார் மாதிரி கேட்டார்.

"ஆறரை அடி."

"ரம்பத்துக்கு முன்னால ஆறரை அடி வேணும். அறுத்துத் தள்ளின பிறகு பின்னால ஆறரை அடி வேணும். மொத்தம்?"

"பதிமூணு."

"பட்டறை?"

"பத்து."

"மிச்சம் மூணு அடி. அப்புறம் அதைத் தள்ற ஆளும் எங்கயாவது நிக்கணும் இல்ல?"

கணக்கு ஐயா கணக்கு! பத்தோடு ஆறு சேர்ந்தால் பதினாறு. கிழக்குப் பக்கம் ஆறடி தள்ளினால் போதும். மேஸ்திரி ஏற்கெனவே வந்து, நாலு மூலைக்கு முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, ஒரு தாளில் எஸ்டிமேட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்.

அன்று ராத்திரி பதினோரு மணி இருக்கும். பின்பக்கம் தகரத்தில் ஏதோ உரசுகிற சத்தம். எழுந்து உட்கார்ந்தேன். சித்தப்பா இருட்டிலேயே, "லைட்டைப் போடாதே. படு" என்றார். பெரிய சத்தமெல்லாம் இல்லை. கிளை ஒடிகிற மாதிரி ஒன்று. அப்புறம் யாரோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பெருமூச்சு விடுவது மாதிரி ஒன்று. அப்புறம் தூங்கினேன் என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

காலையில் போய்ப் பார்த்தோம். முளைக்குச்சி நாலில் இரண்டு, ஆணி அடித்த மாதிரி தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. நூலைக் காணோம். நாங்கள் சுவர் எழுப்பவிருந்த கோட்டின் மேலேயே, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்ட வட்டமாகக் காலடி. பட்டறைச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே அந்த ஆறடிச் சந்து வழியாகத்தான் போயிருக்கிறார். தினமும் இல்லை, வெயில் காலத்தில், தண்ணீர் தேடிப் போகிற நாட்களில்.

"இடத்தை அவரும் அளந்துட்டுப் போயிருக்கார்" என்றார் மேஸ்திரி.

இது சித்தப்பா வீட்டு யானையின் பிடிவாதம் இல்லை. மசினகுடியின் பூகோளமே அப்படி. தெற்கே நீலகிரி மலை சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. வடக்கே மாயாற்றுப் பள்ளம், அதலபாதாளம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சீகூர் பீடபூமிதான் நடக்கத் தோதான வழி. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குப் போகும் யானை இதில்தான் போயாக வேண்டும். ஆசிய யானைகள் மிக அதிகமாக வாழும் வட்டாரம் இது. உங்கள் ஆபீஸில் இரண்டு பீரோக்களுக்கு நடுவே கேண்டீன் போகிற ஒரே சந்து. அதில் யாரோ மேஜை போட்டு உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள்? முதல் நாள் ஒதுங்கிப் போவீர்கள். பத்தாம் நாள் மேஜையைத் தள்ளுவீர்கள்.

மேஜை போட்டவர்கள் இங்கே நிறைய. வீடு என்று கட்டினது விடுதியானது, விடுதி ரிசார்ட்டானது. 2010-ல் தமிழக அரசு யானை வலசைப் பாதையை அறிவித்தது. நில உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அரசு அறிவிப்பு செல்லும் என்றது. மேல்முறையீடு. 2018 ஆகஸ்டில், அனுமதியில்லாத ரிசார்ட்டுகளுக்கு சீல் வைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2020 அக்டோபர் 14-ம் தேதி, வலசைப் பாதை செல்லும் என்று தீர்ப்பே வந்துவிட்டது. நிலம் வைத்திருப்பவர்களின் குறைகளைக் கேட்க, ஓய்வுபெற்ற நீதிபதி வெங்கட்ராமன் தலைமையில் ஒரு குழுவும் போட்டார்கள். வேலை போனவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான்: சமையல்காரர், ஜீப் டிரைவர், ரூம் கூட்டுகிறவர். அவர்களிடம் போய் 'யானை பாவம்' என்று மட்டும் சொல்லிவிட்டு வர முடியாது.

ஆனால் 2021 ஜனவரியில் நடந்ததையும் மறக்க முடியாது. இதே மசினகுடியில், ஒரு விடுதி பக்கம் வந்த யானை மேல் தீயைக் கொளுத்தி எறிந்தார்கள். எரிகிற காதோடு அது ஓடுகிற வீடியோவை நாடே பார்த்தது. அந்த யானை செத்துப்போனது. அதை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும்போது, வனத்துறை ஊழியர் ஒருவர் அதன் தும்பிக்கையைத் தடவித் தடவி அழுததையும் பார்த்தோம்.

சித்தப்பாவும் விசாரிக்காமல் இல்லை. வலசைப் பாதைக்குள் வருகிற இடம் என்றால் புதுக் கட்டடம் என்ற பேச்சே கிடையாது. வெளியே என்றாலும் மலைப்பகுதிக்கென்று தனி விதி. இதற்காகவே 1990-ல் அரசு ஒரு ஆணையம் அமைத்தது. ஊரில் எல்லோரும் சுருக்கமாக 'ஹாகா' என்பார்கள். "ஆறடி ஷெட்டுக்கு அத்தனை பேர்கிட்டயும் போய் நிக்கணுமா?" என்று முதல் நாள் எகிறியவர், காலடியைப் பார்த்த பிறகு எகிறவில்லை. குத்தவைத்து உட்கார்ந்து, டேப்பை எடுத்துக் காலடியை அளந்தார். ஆசாரி புத்தி!

"வாசல்ல போட்டு அறுக்கலாமே சித்தப்பா?" என்றேன்.

"மெஷினை யார் தூக்கறது? மழை வந்தா யார் உள்ள வைக்கறது?"

அப்போதுதான் மேஸ்திரி டீயை உறிஞ்சிக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னார். "சார், சுவரை வெளிய தள்ள முடியாதுன்னா, பலகையை வெளிய தள்ளுங்க."

தன் கான்ட்ராக்டைத் தானே கெடுத்துக்கொண்ட மேஸ்திரியை நான் அன்றுதான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். ரம்பத்துக்கு முன்னால் கதவு இருக்கிறது. திறந்து வைத்தால் பலகையின் வால் வாசலில் நீட்டிக்கொள்ளும். பின்னால் கிழக்குச் சுவரில், ரம்ப மேஜை மட்டத்துக்கு, ஒன்றரை அடி அகலம் ஒரு அடி உயரத்தில் ஒரு திட்டிவாசல். அறுத்த பலகை அதன் வழியாக வெளியே போய்விடும். வெளியே அதைத் தாங்க இரண்டு மர ஸ்டாண்டு. வேலை முடிந்ததும் ஸ்டாண்டை உள்ளே எடுத்து, திட்டிவாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டால், சந்து பழையபடி யானைக்கு. இப்போது ஆறரை அடி என்ன, பனிரெண்டு அடிப் பலகைகூட அறுக்கலாம்.

அரை நாளில் வேலை முடிந்தது. செங்கல் தூக்க வந்த நான், பெயர்த்த செங்கலைத் தூக்கினேன்.

அடுத்தது மரம். பட்டறைச் சுவரில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு ஒரு காகிதம் மாட்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகையோ என்று பார்த்தேன். மரம் வாங்கின பில்!

"சிரிக்காதே. இந்த மலையில பில் இல்லாத பலகையை விட ஆபத்தான பொருள் கிடையாது" என்றார்.

காரணம் இருக்கிறது. இந்தியா முழுக்க மரம் வெட்டுவதைக் கிடுகிடுக்க வைத்த வழக்கே பக்கத்துக் கூடலூரிலிருந்துதான் கிளம்பியது. நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, கூடலூர்க் காட்டில் மரங்கள் விழுவதைப் பொறுக்க முடியாமல் 1995-ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-ம் தேதி வந்த உத்தரவில், காடு என்றால் அகராதியில் என்ன அர்த்தமோ அதுதான் காடு, நிலம் யார் பேரில் இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டார்கள். அனுமதியில்லாத மர அறுவை மில்கள் நாடெங்கும் நின்றன. கோதவர்மன் 2016-ல் காலமானார். அவர் பேரில் வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது.

அதனால் தேக்கு, ஈட்டி ஆசையெல்லாம் இல்லை. கட்டிலுக்கு சில்வர் ஓக். டீத் தோட்டத்தில் நிழலுக்கு வைப்பார்களே, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். கூடலூர்ப் பக்கம் முறைப்படி வாங்கி, ஒரு வருஷத்துக்கு மேல் காய வைத்திருக்கிறார். பலகைக்குப் பலகை நடுவே ரீப்பர் குச்சி கொடுத்து, காற்றோட்டமாக அடுக்கி. அங்கே அடைமழை, இங்கே வறட்டுக் காற்று. ஈரப் பலகையை அப்படியே கொண்டுவந்து இழைத்தால், காயும்போது அகலவாட்டில் சுருங்கும், வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். "மாப்பிள்ளை முறுக்கலாம், கட்டில் முறுக்கக் கூடாது" என்பது சித்தப்பாவின் சித்தாந்தம்.

தலைமாட்டுக்கு மட்டும் மரம் இல்லை, உண்ணிச்செடிக் கம்பு. வெள்ளைக்காரன் அழகுக்காகக் கொண்டுவந்து நட்ட செடி, இன்றைக்கு முதுமலைக் காட்டில் புல் முளைக்க விடாமல் படர்ந்து கிடக்கிறது. புல் இல்லாவிட்டால் மானும் யானையும் எங்கே போகும்? ஊருக்குள்தான். அந்தக் கம்பை வெட்டி, வெந்நீரில் வேகவைத்து, தோலை உரித்தால் பிரம்பு மாதிரி வளைகிறது. கூடலூர்ப் பகுதியில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் கலைஞர்கள் இதை வைத்து நிஜ யானை அளவிலேயே யானைகள் செய்கிறார்கள். அவை 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் நூறு யானைகள் அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க் தெருவிலெல்லாம் நின்றன. மரம் ஒன்றும் விழவில்லை. காட்டில் களைதான் கொஞ்சம் குறைந்தது.

நான் கிளம்பும்போது பக்கச் சட்டம் இரண்டும் அறுத்து இழைத்தாயிற்று. பலகையைத் தள்ளுவதற்கு முன்னால் திட்டிவாசல் கதவை மூன்று முறை தட்டிவிட்டு, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ரம்பத்தை ஓட்டுகிறார். பகலிலும்தான். "எதுக்கும் ஒரு மரியாதை" என்கிறார்.

மொத்தச் செலவு: கீல் இரண்டு, தாழ்ப்பாள் ஒன்று, ஓட்டைக்கு மேலே தாங்க ஒரு மரச் சட்டம், மேஸ்திரிக்கு அரை நாள் கூலி, டீ. ஆறடிக்கு மேஸ்திரி எழுதின எஸ்டிமேட்டை சித்தப்பா கிழித்துப் போடவில்லை. அதன் பின்பக்கம் காலியாக இருந்தது. கட்டில் அளவுகளை அதில்தான் குறித்து வைத்திருக்கிறார்.