கோட்டக்கல்லில் மனசுக்கு வைத்தியம்

சென்னையில் இரவு மங்களூர் மெயிலில் ஏறிப் படுத்தால், மறுநாள் காலையில் திரூர் வந்துவிடும். அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணிப் பிரயாணம். இருபுறமும் தென்னையும் பாக்கும். திடீரென்று கஷாய வாசனை மூக்கில் ஏறுகிறதா? கோட்டக்கல் வந்துவிட்டது என்று அர்த்தம்!

1902-ல் பி. எஸ். வாரியர் இங்கே ஆரம்பித்த ஆரிய வைத்தியசாலையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் தைலப் புட்டி ஒன்று உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் இந்த ஊரைத் தேடி வருகிறவர்கள் ஏராளம். ஆனால் மனநோய்க்கென்றே கேரள அரசின் ஆயுர்வேத ஆஸ்பத்திரி ஒன்றும் இங்கே இருப்பது உங்களுக்குத் தெரியுமோ?

"மனசுக்குக் கூடவா எண்ணெயும் கஷாயமும்?" என்று சிரிக்காதீர்கள். மனசு என்றால் என்னவென்று நம் பழைய வைத்தியர்கள் நினைத்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் விஷயம் விளங்கும்.

அடுப்பில் பால், கையில் தொடர்கதை. பால் பொங்கி வழிந்து தீய்கிறது. உங்கள் மூக்கு இருக்கிற இடத்தில்தான் இருந்தது. இருந்தும் ஏன் தெரியவில்லை? சரகர் யோசித்ததும் இதைத்தான். ஆத்மா இருக்கிறது, புலன் இருக்கிறது, பொருளும் எதிரே இருக்கிறது. அப்படியும் சில சமயம் அறிவு உண்டாவதில்லை. ஆகவே நடுவில் இன்னொன்று இருந்தாக வேண்டும். அதுதான் மனம். அது அணுவளவு; ஒன்றே ஒன்று. ஒரு சமயத்தில் ஒரு புலனோடுதான் சேரும்.

நியாய சாஸ்திரக்காரர்களின் கட்சியும் இதுவே. எதிர்க்கட்சியார் சும்மா இருப்பார்களா? முறுக்கைப் போன்ற 'சஷ்குலி' என்ற பலகாரத்தைக் கொண்டு வந்தார்கள். அதைக் கடிக்கும்போது ஓசை, மணம், ருசி எல்லாம் ஒரே சமயத்தில் தெரியவில்லையா என்று மடக்கினார்கள். நூறு தாமரை இதழ்களை அடுக்கி ஊசியால் குத்தினால் ஒரே குத்தாகத் தோன்றும். ஆனால் ஊசி ஒவ்வொன்றாகத்தானே துளைக்கிறது? மனசின் வேகமும் அப்படித்தான் என்று பதில் வந்தது!

இந்த வாதத்தால் என்ன லாபம் என்கிறீர்களா? பெரிய லாபம் உண்டு. மனம் ஆத்மா அல்ல. கண், காது போல அதுவும் ஒரு கருவி. கருவி என்றால் பழுதாகும்; பழுதானால் பழுது பார்க்கலாம். உடம்பைக் கெடுக்க வாதம், பித்தம், கபம் என்று மூன்று இருப்பது போல, மனசைக் கெடுக்க ரஜஸ், தமஸ் என்று இரண்டு.

சிகிச்சையைக் கேட்டால் உங்கள் சமையலறைதான் நினைவுக்கு வரும். கோரைக் கிழங்கு போட்டுக் காய்ச்சிய பாலை உறை ஊற்றிக் கடைந்து, நெல்லிக்காய்க் கஷாயம் சேர்த்து, அடியில் துளையிட்ட பாத்திரத்திலிருந்து நெற்றியில் தாரையாக விடுகிறார்கள். மருந்தோடு 'சத்வாவஜயம்' என்று ஒன்றும் உண்டு. தீங்கு தரும் விஷயங்களிலிருந்து மனசைத் திருப்பி வசப்படுத்துவது அது.

பழசெல்லாம் பொன் அல்ல. பித்துப் பிடித்தவரைப் பல் பிடுங்கிய பாம்பைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்றும் சரக சம்ஹிதை சொல்கிறது. அது நமக்கு வேண்டாம். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் வருஷத்துச் சட்டமே தடுத்திருக்கிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் நிறுத்திவிட்டு எண்ணெயைத் தேடி ஓடுவதும் ஆபத்து.

ஆனால் அதே நூல் இன்னொன்றும் சொல்கிறது. தனக்குள்ளே பிழை நேராதவரைத் தேவரோ, கந்தர்வரோ, பிசாசோ வருத்துவதில்லையாம். எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் சொன்னது இது! நாமோ, பிள்ளை பெற்றவள் பத்து நாளாக ஓயாமல் அழுதால் "காற்று கருப்பு" என்கிறோம். இல்லாவிட்டால் "திமிர்" என்கிறோம். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் என்றால் ஊருக்குத் தெரியாமல் அறைக்குள்ளே வைத்துப் பூட்டுகிறோம். அவளுக்கே ஜுரம் என்றால் இப்படிச் செய்வோமா?

இதற்காகக் கோட்டக்கல் வரை போக வேண்டும் என்பதில்லை, சகோதரிகளே! பக்கத்து ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்து, வெட்கப்படாமல், நாள் கடத்தாமல் அழைத்துப் போங்கள். போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் வைத்தியந்தான்.