கறிவேப்பிலை அழகி

இரண்டு மாதம் முன்பு ஸ்ரீரங்கம் போயிருந்தோம். பெருமாள் சேவை ஆனதும், "அம்மா, பட்டாம்பூச்சிப் பூங்காவையும் பார்த்துட்டுப் போயிடலாம்" என்றாள் என் பெண். கல்லூரியில் விலங்கியல் படிக்கிறாள். ஆட்டோ பிடித்து மேலூர் போனோம்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 25 ஏக்கர். வனத்துறை 2015-ல் திறந்த பூங்கா. உள்ளே நுழைந்ததுமே திருச்சி வெயில் மறந்து போயிற்று!

"படமெல்லாம் நீதான் எடுக்கணும்" என்று செல்போனை என் கையில் திணித்துவிட்டாள். இட்லிப்பூச் செடியில் கன்னங்கரேலென்று ஒரு பட்டாம்பூச்சி. பின்னிறக்கையில் முத்துக் கோத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். ஆசையாக ஓடினேன். பறந்தே போய்விட்டது!

"உன் நிழல் அது மேலே விழுந்தா பயந்துடும்மா. பக்கவாட்டிலே குனிஞ்சு மெதுவா போ."

முழங்கால் வலியோடு குனிந்தேன். தேன் குடிக்கும்போதுகூட இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கிறது. பதினோரு படம் மங்கல். பன்னிரண்டாவது பளிச்சென்று விழுந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இது பேர் என்னடி?"

"கறிவேப்பிலை அழகி. கறிவேப்பிலையிலே முட்டை வைக்கும். புழு முதல்லே பறவை எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்தா பச்சை. தொட்டா சிவப்பாக் கொம்பு நீட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சிவப்புக் கொம்பை நான் பார்த்திருக்கிறேனே! எத்தனை வருஷமாக எங்கள் மொட்டைமாடிச் செடியிலிருந்து அந்தப் புழுக்களைப் பொறுக்கிச் செருப்பால் தேய்த்திருக்கிறேன். மருந்துகூட அடித்தேன். அந்த இலையைத்தான் ரசத்திலும் போட்டேன்!

ஊர் திரும்பியதும் மருந்துப் புட்டியைத் தூக்கி எறிந்தேன். இன்னொரு தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று வைத்தேன். ஒன்று எங்களுக்கு, ஒன்று அவர்களுக்கு. எங்கள் செடியில் புழு தென்பட்டால், இலையோடு கிள்ளி அந்தச் செடியில் விட்டுவிடுகிறேன். "ரசத்துக்கு இல்லாம புழுவுக்கா?" என்று கேலி செய்த என் கணவர்தான் போன வாரம், "ஏய், சீக்கிரம் வா!" என்று மாடியிலிருந்து கத்தினார்.

கூட்டை விட்டு வந்த அழகி, ஈர இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். செல்போன் கீழே சமையலறையில். எடுத்து வர மனசில்லை. பறக்கிற வரை இருவரும் நின்று பார்த்தோம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் பச்சைப் புழு தென்பட்டால், கொஞ்சம் பொறுங்கள். சில வாரம்தான்!