லீவு எடுக்கிறது வேற, லீவு விடுறது வேற

ஜனவரி 6-ஆம் தேதி என்ன விசேஷம்னு கேட்டா உங்களுக்கு என்ன தோணும்? நமக்கு அது ஒரு சாதாரண நாள். ஆனா ஆஸ்திரியாவில் அது மூன்று ராஜாக்கள் திருநாள். நாடு முழுக்க விடுமுறை. ஜெர்மனியில் பவேரியா மாதிரி சில மாநிலங்களில் மட்டும் உண்டு.

அந்த நாளோட ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரு விளையாட்டு இருக்கு: ஸ்கீ ஜம்பிங். காலில் நீளமான பனிச்சறுக்குப் பலகைகளை மாட்டிக்கிட்டு, சரிவில் வேகமா இறங்கி, நுனியில் எம்பி, நூறு மீட்டருக்கு மேல பறந்து போய் இறங்கணும். இதில் 'நான்கு குன்றுகள்' தொடர் 1953-ல் இருந்து நடக்குது. முதல் போட்டி டிசம்பர் கடைசியில் ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபில். ஜனவரி 1 கார்மிஷ்-பார்டென்கிர்ஷன். அப்புறம் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக். ஜனவரி 6 அன்னைக்கு பிஷோஃப்ஸ்ஹோஃபனில் கடைசிப் போட்டி.

மத்த உலகக் கோப்பைப் போட்டிகளை பெரும்பாலும் சனி, ஞாயிறு பார்த்துத்தான் வைப்பாங்க. இந்தத் தொடர் கிழமை பார்க்காது. புத்தாண்டு புதன்கிழமை வந்தாலும் கார்மிஷ் போட்டி அன்னைக்குத்தான். ஏன்னா அன்னைக்கு ஊரே ஃப்ரீ. 2022-ல் இன்ஸ்ப்ருக்கில் காற்று பலமா அடிச்சு போட்டி ரத்தாச்சு. அதை 5-ஆம் தேதி பிஷோஃப்ஸ்ஹோஃபனிலேயே வெச்சு முடிச்சாங்க. ஆனா 6-ஆம் தேதிப் போட்டி 6-ஆம் தேதியேதான் நடந்தது.

இதெல்லாம் எனக்கு எங்க அக்கா புண்ணியத்தில் தெரிஞ்சது. அவ ஐ.டி.யில் இருக்கா. கிளையன்ட் மியூனிக்கில், அதாவது பவேரியாவில். டீமுக்கும் அந்த ஊர் காலண்டர்தான். அதனால ஜனவரி 6 அவளுக்கு லீவு, பொங்கலுக்கு லாகின். போன வருஷம் 6-ஆம் தேதி அப்பா ஆபீஸ், அம்மா ஸ்கூல், நான் காலேஜ். அக்கா பகல் முழுக்க தனியா வீட்டில் இருந்தா. ராத்திரி ரெண்டு பேரும் போனில் அந்தப் போட்டியைப் பார்த்தோம். அப்பா தோளில் குழந்தைங்க, கையில் கொடி, அவ்வளவு கூட்டம். "அவங்க லீவு எனக்கும் வந்துடுச்சு, அவங்க கூட்டம்தான் வரல"ன்னா.

அடுத்த வாரம் நாங்க வாசலில் பொங்கப் பானை வெச்சப்போ அவ மாடியில் ஹெட்செட்டோட மீட்டிங்கில் இருந்தா. பொங்கல் மேலே போச்சு, அவ கீழே வரல.

2018-ல் தென் கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தது. பிப்ரவரி 16 அவங்க சந்திரப் புத்தாண்டு. அன்னைக்குத்தான் யுன் சுங்-பின், பனிப்பாதையில் குப்புறப் படுத்துச் சறுக்குற ஸ்கெலிட்டன் போட்டியில் தங்கம் ஜெயிச்சார். புத்தாண்டுக்குப் பெரியவங்களை விழுந்து கும்பிடுற அவங்க வழக்கப்படி, பார்க்க வந்தவங்களை மண்டியிட்டு வணங்கினார். வணங்க எதிரில் ஆள் இருந்தாங்க, அதான் விஷயம்.

இந்த வருஷம் நம்மில் பலர் கையில் ஆஃபர் லெட்டர் வரும். சம்பளத்தை முதல்ல பாருங்க, தப்பே இல்லை. கூடவே எந்த ஊர் காலண்டர்னும் பாருங்க. "பொங்கலுக்கு வேணும்னா லீவு எடுத்துக்கோங்க"ன்னு சொல்லலாம். ஆனா லீவு எடுத்தா நாம மட்டும் ஃப்ரீ. நம்ம டீம் வேலையில் இருக்கும், போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். லீவு விட்டாத்தான் யாரும் கூப்பிட மாட்டாங்க.

இன்டர்வியூ கடைசியில் "எங்களை ஏதாவது கேட்கணுமா?"ன்னு கேட்பாங்க இல்லையா? நான் இதைத்தான் கேட்கப் போறேன். நீங்களும் கேளுங்க.