சமத்துவமும் ஐந்து நாற்காலிகளும்

உலக அரசு வேண்டும் என்பர் ஒரு சாரார். ஆகாது, அது உலகச் சிறையாகிவிடும் என்பர் மற்றொரு சாரார். அரசியல் தத்துவ அறிஞரிடையே இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வழக்கு இது. வாயிலில் நின்று வேடிக்கை பார்ப்பவரல்லர் நாம். தீர்ப்பால் வாழவோ தாழவோ போகிறவர்கள். எனவே, வாதங்களை எடைபோடும் உரிமை நமக்கும் உண்டு.

ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட், 1795-இல் நிலையான அமைதி குறித்து நூல் எழுதினார். போர் ஒழிய வேண்டுமென விழைந்த அவரே, ஒரு குடைக்கீழ் உலகாளும் பேரரசு கொடுங்கோலாகும் என அஞ்சினார். சுதந்திர நாடுகளின் கூட்டே போதும் என்றார். மேலே ஆள்வோர் இல்லாமலே நாடுகளிடையே ஒழுங்கு நிலவக்கூடும் என்று 1977-இல் ஹெட்லி புல் விளக்கினார். 1979-இல் சார்லஸ் பெயிட்ஸ், வணிகம் எல்லை கடக்கும்போது நீதி மட்டும் எல்லையில் நின்றுவிடலாமா என்று வாதிட்டார். ஏழை நாட்டுக்கு உதவும் கடமை உண்டு, அதற்கோர் அளவும் உண்டு என்று 1999-இல் ஜான் ரால்ஸ் வரையறுத்தார்.

நல்ல வாதங்கள்! ஆயினும் படிக்கப் படிக்க நம் நெஞ்சில் ஒரு முள் உறுத்திற்று. வருங்கால அரசு இருக்கட்டும். இன்றுள்ள அவையில் யாருக்கு எந்த இருக்கை? “உலக விவகாரம் நமக்கெதற்கு?” என்று நண்பர் ஒருவர் நகைத்தார். வரலாற்றைப் புரட்டிக் காட்டினோம்.

1919, பாரிஸ். சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் இனங்களின் சமத்துவத்தைப் பொறிக்க ஜப்பான் முயன்றது. 11 வாக்குகள் ஆதரவு, பெரும்பான்மையும் கிட்டிற்று. தலைமை வகித்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனோ, ஒருமித்த ஒப்புதல் இல்லையென்று தள்ளிவிட்டார். சமத்துவம் கேட்ட ஜப்பானோ 1910 முதல் கொரியாவை அடிமைகொண்டிருந்தது! தனக்குச் சமத்துவம், பிறர்க்குச் சங்கிலி!

1945, சான் பிரான்சிஸ்கோ. ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்களுள் ஒருவர், நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான ஆற்காடு இராமசாமி முதலியார். கையெழுத்திட இடமிருந்தது, நாட்டை ஆளும் உரிமையோ இலண்டனில் இருந்தது. எல்லா நாடுகளும் சமம் என்கிறது அச்சாசனம். அதுவே ஐந்து நாடுகளுக்கு நிரந்தர நாற்காலியும் ‘வீட்டோ’ எனும் தடையதிகாரமும் தருகிறது. இன்று உறுப்பு நாடுகள் 193. சாசனத்தைத் திருத்தவும் அந்த ஐவரின் இசைவு வேண்டும். பூட்டியவரிடமே சாவி!

வல்லரசுகள் வெளியேறாதிருக்க இச்சலுகை தேவை என்பர். அமெரிக்கா சேராத சர்வதேச சங்கம் தளர்ந்ததை எடுத்துக்காட்டுவர். அதில் உண்மையும் உண்டு. ஆனால், வலியவரை அவையில் இருத்துவது வேறு. தம் வழக்குக்குத் தாமே நீதிபதியாக்குவது வேறு.

மாறவே மாறாதா? மாறியிருக்கிறது. 11 இடங்கள் இருந்த பாதுகாப்பு அவை 1965-இல் 15 ஆயிற்று; புதிதாய் விடுதலை பெற்ற நாடுகள் எழுப்பிய குரலின் பயன் அது. 2022 ஏப்ரலில் பொது அவை மற்றொரு விதி செய்தது: வீட்டோ பயன்படுத்தப்பட்டால், பத்து வேலை நாட்களுக்குள் பொது அவை கூடி அதை விவாதிக்கும். அதிகாரம் பறிபோகவில்லை, எனினும் உலகின் முன் காரணம் கேட்கப்படுகிறது.

தோழர்களே! காண்டையும் படிப்போம், ரால்ஸையும் படிப்போம். உலக அரசு என எவர் பேசினும், நாட்டின் இறையாண்மை என எவர் முழங்கினும், ஒன்று கேட்போம்: அந்த ஏற்பாட்டில் எளியவர் சொல் ஏறுமா?