பொருந்துவதும் தாங்குவதும்

ஏட்டில் எழுதப்பட்டது கல்வி, எண்ணெய்க் கறை படிந்தது வெறுந் தொழில் என்ற பாகுபாடு நமது சமூகத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. உத்தியோகத்தைத் தெய்வமாக்கிய யாழ்ப்பாணத்திலே இதன் வேர் இன்னும் ஆழமானது. இப்பாகுபாடு எவ்வளவு பொய்யானது என்பதை அறிய நூலகம் செல்ல வேண்டியதில்லை. எமது பண்டத்தரிப்பில் இன்றும் எங்கேனும் ஒரு கொட்டிலின் நிழலில் நிற்கும் பழைய மொறிஸ் மைனர் காரின் முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாற் போதும்.

இந்தக் கார்கள் எம்மிடையே நீண்டு வாழ்ந்தமைக்குக் காரணம் பழமை மீதான பற்று அன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி மோட்டார் இறக்குமதியின் கதவை ஏறக்குறைய அடைத்தது. 1977 வரை அது முழுமையாகத் திறக்கப்படவில்லை. அதற்கு முன் வந்திறங்கிய மொறிஸ்களும் ஒஸ்ரின்களுமே கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் மரணவீட்டுக்கும் ஓடின. கார் தேய்ந்தது, புதிய பாகம் வரவில்லை. ஆகவே ஒரு காரின் உயிரை இன்னொரு காரிலே தேட வேண்டியதாயிற்று.

எந்தக் காருக்கு எந்தக் கார் உறவு? விடை பெயர்ப்பலகையில் இல்லை. நம்மவர் 'ஏ40' என்று ஒரே பெயரால் அழைத்த ஒஸ்ரின் கார்களை எடுத்துக்கொள்வோம். 1947இல் வந்த டெவனும் 1952இல் வந்த சோமசெற்றும் நெருங்கிய உறவினர். 1958இல் வந்த ஃபரீனாவோ அதே 'ஏ40' என்ற பெயரைச் சூடியும், முன்சக்கர அமைப்பில் ஏ35 என்ற சிறிய காரின் வழித்தோன்றல். அதே 1958இல் செல்வந்தரின் பிள்ளைகள் விரும்பிய ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்ற பந்தயப் பாங்கான கார் வெளிவந்தது. அதன் முன்சக்கர அமைப்பும் ஏ35இனுடையது. அதன் ஸ்டியரிங் அமைப்போ மொறிஸ் மைனரினுடையது! 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ப் ஸ்பிட்பயரும், 1961 முதல் சென்னையில் உருவாகிய ஸ்டான்டர்ட் ஹெரல்ட் என்ற குடும்பக் காரும் முன்சக்கர அமைப்பில் ஒரே வித்தின் விளைவுகளே.

இவ்வுறவுகளை வளர்த்தது கொம்பனிகளின் இலாபக் கணக்கு. ஒரே உறுப்பைப் பல கார்களுக்குப் பூட்டினாற் செலவு குறையும். 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கொம்பனியாக இணைந்தபின் இக்கணக்கு மேலும் விரிந்தது. ஆனால் முதலாளி தன் இலாபத்துக்காகச் செய்த ஒருமைப்பாட்டைத் தொலைதூரத் தீவொன்றின் தொழிலாளி தன் மக்களின் வாழ்வுக்காகப் பயன்படுத்திக்கொண்டான். அவன் கையில் உறவுப் பட்டியல் எதுவும் இல்லை. கண்ணாலும் விரலாலும் அந்த வமிசாவளியை அவனே கண்டறிந்தான்.

மைனரின் முன்சக்கரம் நிற்கும் முறையை இங்கே சொல்ல வேண்டும். 1948இல் வெளிவந்த இக்காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அவரும் 1922இல் ஸ்மேர்னா நகரிலிருந்து குடும்பத்துடன் இடம்பெயர்ந்த அகதியே. காரின் நீளவாக்கில் இருபுறமும் ஓடும் இரண்டு உருக்குக் கம்பிகள் சுருள்வில்லுக்குப் பதிலாக முறுகிப் பாரத்தைத் தாங்குகின்றன. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான கால், மேலும் கீழும் 'ட்ரனியன்' எனப்படும் திருகு மூட்டுகளிலே திரும்புகிறது. அம்மூட்டுக்குக் காலந் தவறாமற் கிறீஸ் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் புரி தேயும். தேய்ந்த புரி ஒருநாள் கழன்றுவிட்டால் சக்கரம் மடிந்து கார் முகங்குப்புற விழும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. எரிபொருள், மின்கலம், வாகன உதிரிப்பாகம் ஆகியன வடக்குக்கு வருவது தடைசெய்யப்பட்டது. சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய கார்களின் காலம் அது. அந்நாட்களிலேதான் எம் வீட்டு மைனரின் இடது முன்சக்கரம் ஆடத் தொடங்கியது. ஊரிலே ஒரு திருத்துநர் இருந்தார். எட்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர். மாதகற் பக்கத்தில் ஒரு வளவிலே கைவிடப்பட்டுக் கிடந்த பழைய மைனரிலிருந்து அவர் ஒரு காலைக் கழற்றி வந்தார். பூட்டினார், அழகாகப் பொருந்தியது. நாம் மகிழ்ந்தோம். அவரோ உடனே அதைக் கழற்றினார். புரியை விளக்கருகே பிடித்து எமக்குக் காட்டினார். அதன் விளிம்பு கத்திபோற் கூர்ந்திருந்தது.

"மாஸ்ரர், பூட்டுறதெண்டால் எதையும் பூட்டலாம். தாங்குமோ எண்டதெல்லோ கணக்கு," என்றார்.

அவர் மூன்றாம் நாள் வேறொரு காலைத் தேடிக் கொணர்ந்தார். மூட்டினுள் அதனைக் கையாற் சுற்றிச் சுற்றுகளை எண்ணினார். அசைத்து ஆட்டம் பார்த்தார். பூட்டியபின் தூக்குக்குண்டு கட்டிச் சக்கரத்தின் சாய்வையும், ஒரு தடியை வைத்து இரு சக்கரங்களின் இடைவெளியை முன்னும் பின்னுமாக அளந்து நேரையும் சரிசெய்தார். இது விஞ்ஞானம் அன்றி வேறென்ன?

பொருத்தத்துக்கும் எல்லை உண்டு என்பதை அறிந்ததே அவரது அறிவின் சிகரம். நெடுங்காலம் ஒரு திசையில் முறுகிய இடப்பக்கக் கம்பியை வலப்பக்கத்திற் பூட்டலாகாது. எதிர்த்திசை முறுக்கில் அது முறியக்கூடும் என்பார். 1962இல் மைனரின் எஞ்சின் 1098 கன சென்ரிமீற்றராக வளர்ந்தபோது முன்பிரேக் உருளை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாயிற்று. அந்தப் பெரிய பிரேக்கைப் பழைய மைனருக்கு மாற்றுவது நன்மை என்பார். ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும் மாற்றுவது கொலை என்பார். ஹெரல்டின் கீழ்மூட்டுக்கு எண்ணெய், மைனரினதற்குக் கிறீஸ் என்ற வேறுபாட்டையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம்.

மேல்நாட்டில் இதே வேலை இன்று பொழுதுபோக்காகிவிட்டது. ஸ்பிட்பயருக்கு அதன் வலிய உறவினனான ஜீ.ரி.6இன் பெரிய பிரேக்குகளை, அவற்றைத் தாங்கும் கால்களோடு மாற்றுவோர் உண்டு. ஆனால் ஜீ.ரி.6இன் கனத்த ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கெனச் செய்த விறைத்த சுருள்வில்லையும் சேர்த்து மாற்றினாற் காரின் மூக்கு உயர்ந்துவிடும். அங்கும் விதி ஒன்றே: பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. அங்கே தவறினால் ஒரு விடுமுறை நாள் கெடும். இங்கே தவறியிருந்தால்?

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கியது. இலட்சக்கணக்கான மக்கள் மழையிலும் சேற்றிலும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். எம் மைனரில் இரண்டு முதியவர்களும் ஒரு பிரசவித்த பெண்ணும் அவளது சிசுவும் இருந்தனர். சனத்திரளின் நடுவே கார் நடைவேகத்தில் ஊர்ந்தது. குழிகளில் இறங்கி ஏறிய ஒவ்வொரு தடவையும் அந்த இடது சக்கரத்தையே நாம் நினைத்தோம். அது தாங்கியது.

அமைதி திரும்பியபின் ஒரு பாடசாலையின் விஞ்ஞான தினத்துக்கு அந்தத் திருத்துநரைப் பேச அழைக்கலாம் என்று நாம் முன்மொழிந்தோம். "கராச் வேலைக்காரன் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லுவான்?" என்ற கேள்வியுடன் அது முடிந்தது. விசையும் உராய்வும் அப்பாடசாலையின் கரும்பலகையில் நாள்தோறும் எழுதப்பட்டன. அவற்றைத் தன் விரல்நுனியில் வைத்திருந்த மனிதர் வாயிலுக்கு வெளியே நின்றார். சில ஆண்டுகளின் பின் அவர் மறைந்தார். எந்தக் கால் எந்தக் காருக்குத் தாங்கும் என்ற அவரது அறிவில் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை மீண்டும் நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. பழையதைத் தாங்கவைக்கும் அறிவு முடிந்துபோன போர்க்காலத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை அந்த ஐந்தாண்டுகளும் உணர்த்தின.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஒரு கொட்டில் இருக்கும். அதில் ஒரு முதிய திருத்துநரும் இருப்பார். ஓர் அப்பியாசக் கொப்பியுடன் அவரிடம் செல்லுங்கள். எது எதற்குப் பொருந்தும் என்று மட்டும் கேட்டு வந்துவிடாதீர்கள். எது தாங்காது, ஏன் தாங்காது என்பதையும் கேட்டு அவர் சொற்களிலேயே எழுதுங்கள். அந்தக் கொப்பியும் நமது பாடநூல்களின் வரிசையில் வைக்கப்பட வேண்டும்.