இருபத்தாறுக்குப் பதினாறு

திருவனந்தபுரம் கரமனையில் நெடுஞ்சாலையை விட்டு ஆற்றுப்பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் புதிதாக ஒரு டர்ஃப் கால்பந்து மைதானம் தயாராகிக்கொண்டிருந்தது. நான் போன காலையில் செயற்கைப் புல் இன்னும் சுருள் சுருளாக ஓரத்தில் கிடந்தது. தொழிலாளர்கள் தண்ணீர் நிரப்பிய நீளமான டியூபை விரித்துப் பிடித்திருந்தார்கள். ஒரு முனை மைதானத்தின் நடுவில், மறுமுனை வேலியோரம். உள்ளே தங்கிவிட்ட காற்றுக் குமிழி ஒன்றை மேஸ்திரி விரலால் சுண்டிச் சுண்டி மேலேற்றினார். அது வெளியேறும்வரை யாரும் அளவைக் குறிக்கவில்லை. குமிழி இருந்தால் மட்டம் தப்பிவிடும்.

மேஸ்திரி குமரி மாவட்டத்து விளவங்கோட்டுக்காரர். 1956 வரை குமரியும் திருவிதாங்கூரோடு இருந்ததுதானே. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி இங்கே வேலைக்கு வருவதை அந்தப் பக்கத்து ஆட்கள் வெளியூர்ப் பயணமாக நினைப்பதில்லை. வீடு கட்டும் கொத்து வேலையிலிருந்து டர்ஃப் வேலைக்கு மாறியவர் அவர். “புல்லு விரிக்கது கடைசி வேல சாரே. வெள்ளம் போற வழி மொதல்ல. மேல எவ்வளவு அழகா இருந்தாலும் அடியில வெள்ளம் நின்னா தீந்து” என்றார்.

கேரளத்தின் தென்கோடியில் இது வெறும் எச்சரிக்கையல்ல. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்து மூச்சுவிடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. அதனால் செம்மண்ணைத் தோண்டி இறுக்கி, பெரிய ஜல்லி, அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பாறைப்பொடி என்று அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து ரோலர் ஓட்டியிருந்தார்கள். மைதானம் 40 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நீளவாக்கில் நடுவே ஒரு முதுகு. அங்கிருந்து இருபுறமும் 15 மீட்டர் தூரத்துக்கு 15 சென்டிமீட்டர் இறக்கம். விளையாடுகிற பிள்ளையின் காலுக்கு அந்தச் சரிவு தெரியாது, மழைநீருக்குத் தெரியும்.

இந்த மைதானத்தைப் பார்க்க நான் வந்ததற்குக் காரணம் ஒரு மஞ்சள் கோடு. பெரியவர்கள் ஆடும் களத்துக்கு வெள்ளைக் கோடு. அதற்குள்ளேயே எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்காக மஞ்சள் புல்லில் இரண்டு சிறிய களங்கள். காலை வகுப்பு எடுக்கப்போகும் பயிற்சியாளர் முன்பு பல்கலைக்கழக அணியில் ஆடியவர். உரிமையாளரிடம் பேசி இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதம் வாங்கியவர் அவர்தான். கூம்பு வைத்துச் சமாளிக்கலாமே என்று கேட்டேன். கூம்பு நகரும், உதைபடும், நேரமானால் எடுத்துவிடுவார்கள். கோடு இருந்தால் அந்த இடம் பிள்ளைகளுடையது என்பது எல்லோருக்கும் தெரியும் என்றார்.

அவர் கேட்ட அளவு 26-க்கு 16. கணக்கு எளிது. 30 மீட்டர் அகலத்தில் இரு கோடியிலும் இரண்டிரண்டு மீட்டர் விட்டால் 26. 40 மீட்டர் நீளத்தில் இரு ஓரமும் இரண்டிரண்டு, களங்களுக்கு நடுவில் நான்கு மீட்டர் விட்டால், ஒவ்வொன்றுக்கும் 16. ஓடிவரும் பிள்ளை வலையிலோ பக்கத்துக் களத்துப் பிள்ளையின்மீதோ மோதாமல் நிற்க அந்த இடைவெளி வேண்டும். ஒவ்வொரு களத்திலும் பக்கத்துக்கு நான்கு பேர், கோல்கீப்பர் கிடையாது. ஆக ஒரே நேரத்தில் 16 பிள்ளைகள்.

சர்வதேசப் போட்டிகளில் வழக்கமான களம் 105-க்கு 68 மீட்டர். அதை 22 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 324 சதுர மீட்டர் வரும். எட்டு வயதுப் பிள்ளையை அதில் இறக்கினால் வேகமாக ஓடும் இரண்டு மூன்று பேர் பந்தோடு போய்விடுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். 26-க்கு 16 களத்தில் ஆளுக்கு 52 சதுர மீட்டர். ஒளிந்து நிற்க இடமில்லை, பந்து எல்லோர் காலுக்கும் வந்தே தீரும். மான்செஸ்டர் யுனைடெட் அகாடமி 2002-03 பருவத்தில் நான்குபேர் ஆட்டத்தையும் எட்டுபேர் ஆட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது. நான்குபேர் ஆட்டத்தில் பாஸ்கள் 135 சதவீதமும், ஒற்றைக்கு ஒற்றையாக எதிராளியைச் சந்திக்கும் தருணங்கள் 225 சதவீதமும் கூடுதலாக இருந்தன. அமெரிக்கக் கால்பந்து கூட்டமைப்பு 2017 முதல் எட்டு வயதுவரை நான்குபேர் ஆட்டத்தையே விதியாக்கிவிட்டது. நம் அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பும் 2018-இல் பேபி லீக் என்ற பெயரில் சிறிய களங்களை ஊக்குவிக்கத் தொடங்கியது.

கடலோரப் பிள்ளைகள் இதை யாரும் சொல்லாமலே செய்துவந்திருக்கிறார்கள். பொழியூரிலும் அதையடுத்த குமரிக் கடற்கரை ஊர்களிலும் மாலை நேரத்தில் மணலில் இரண்டு செருப்பை நட்டால் கோல் போஸ்ட் தயார். இருக்கிற ஆளுக்கு ஏற்றபடி களத்தின் அளவு கூடும், குறையும். இரவிபுத்தன்துறையிலிருந்து இந்திய அணிவரை போன மைக்கேல் சூசைராஜ் வளர்ந்தது அந்தக் கடற்கரையில்தான். நகரத்துப் பிள்ளைக்கு மணல் இல்லை, தெருவும் வண்டிகளிடம் போய்விட்டது. அதனால் அந்த அளவை ஒருவர் உட்கார்ந்து யோசித்து வரைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது.

மேஸ்திரி நூல் கட்டினார். 3, 4, 5 கணக்கில் மூலைமட்டம் பார்த்தபின் மூலைக்கு மூலை குறுக்கையும் அளந்தார். வெளிக்களத்தின் குறுக்கு சரியாக 50 மீட்டர். மஞ்சள் களத்துக்கு 30 மீட்டர் 53 சென்டிமீட்டர் வரவேண்டும். ஒரு குறுக்கு இரண்டு விரல்கடை கூடுதலாக வந்தது. ஆணியைப் பிடுங்கி மறுபடி அடித்தார். “பிள்ளேளு ஆடுகதுதான, கொஞ்சம் முன்னபின்ன இருந்தா என்னன்னு சிலரு கேப்பாவ. கோணலா இருந்தா அதுகளுக்க கண்ணும் கோணலாப் பழகிரும்” என்றார்.

பிற்பகலில் புல்லை விரித்தார்கள். எல்லாச் சுருளிலும் இழைகள் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று திரும்பினாலும் வெயிலில் நிறம் மாறித் தெரியும். கோடு வரும் இடத்தில் பச்சைப் புல்லைப் பின்புறமிருந்து பிளேடால் வகுந்து எடுத்து, அடியில் துணிப்பட்டை வைத்துப் பசை தடவி, மஞ்சள் பட்டையைப் பொருத்தினார் ஓர் இளைஞர். பசையில் ஓர் இழைகூட மாட்டக்கூடாது என்று சீப்பால் வாருவதுபோல் விரல்களால் இழைகளை விலக்கிக்கொண்டே போனார். மாட்டிய இடத்தில்தான் முதலில் பிய்யும், பிய்ந்த இடத்தில்தான் பிள்ளையின் கால் இடறும். முழங்காலில் கிழிந்த சாக்கைக் கட்டிக்கொண்டு அவர் அந்தப் பிற்பகல் முழுக்கக் குனிந்தே வேலை செய்தார்.

அடுத்தது மணல், அதன்மேல் டயர் அரைத்த கறுப்பு ரப்பர் மணிகள். இங்கே ஒரு கவலை உண்டு. மழைநீரோடு இந்த மணிகள் வடிகாலில் இறங்கினால் நேராகக் கரமனையாற்றுக்குத்தான் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி கொண்டுவந்து, இத்தகைய ரப்பர் மணிகளின் விற்பனையை 2031 அக்டோபரோடு நிறுத்தப்போகிறது. இந்த மைதானத்தில் வடிகால் வாயில் மணிகளைப் பிடிக்க ஒரு வலைத்தொட்டி கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு டர்ஃபுக்கும் இது கட்டாயமாக வேண்டும். வெளிநாடுகளில் ரப்பருக்குப் பதில் தேங்காய் நாரும் கார்க்கும் கலந்து நிரப்புகிறார்கள். நார் நம் ஊரில் இல்லாத பொருளா?

வெயிலும் கணக்கில் வரவேண்டும். நேரடி வெயிலில் செயற்கைப் புல்லின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். ஆகவே பிள்ளைகளுக்கு அதிகாலையோ, வெயில் தணிந்த மாலையோதான் ஏற்றது. மாலையில் விளக்கு போட்டால் பெரியவர்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆட வருவார்கள். பிள்ளைகளுக்கு எஞ்சுவது அதிகாலை மட்டுமே, அதுவும் கட்டணம் கட்ட முடிந்த பிள்ளைகளுக்கு.

இதனால்தான் அந்த மஞ்சள் கோடு டர்ஃபுக்குள் நின்றுவிடக்கூடாது என்கிறேன். கரமனையில் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. பள்ளி முற்றத்தில் 26-க்கு 16 இடம் கிடைக்காமல் போகாது. கிடைக்காவிட்டால் 24-க்கு 14 போதும். நூலும் டேப்பும் சாக்பீஸ் பொடியும் வேண்டும். சுண்ணாம்பு வேண்டாம், அது கண்ணையும் தோலையும் பொசுக்கும். பிளாஸ்டிக் குழாயில் 1.8 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரத்தில் கோல் போஸ்ட். அதன் பின்காலில் மணல் மூட்டை கட்டாயம். கட்டிவைக்காத கோல் போஸ்ட் கவிழ்ந்து குழந்தைகள் இறந்த சம்பவங்கள் உலகில் பல. பந்து மூன்றாம் எண். இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குப் பெரிய பாரமல்ல.

மட்டம் பார்க்கவும் மூலை பிடிக்கவும் தெரிந்தவர்கள் தினமும் காலையில் இந்த நகரத்துக்கு வேலைக்கு வருகிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன்பு அவர்களில் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து, ஒரு காலைப்பொழுது முற்றத்தை அவரிடம் விடுங்கள். அந்த வருடம் முழுக்க, எந்தப் பிள்ளையும் ஓரத்தில் நின்று பார்க்காத ஓர் ஆட்டம் உங்கள் பள்ளியில் நடக்கும்.