மீன் தராசும் மொறிஸ் மைனரும்

மன்னார்க் கரையோரத்தில் வாகனம் வைத்திருப்பவர் ஒருவரிடம் ஆவணி மாதத்தில் போய், உங்கள் வைப்பர் வேலை செய்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் வந்து சேரும்வரை அந்தப் பக்கத்தில் கார்க் கண்ணாடியில் படிவது புழுதியும் உப்பும்தான். அதனால் மாதக் கணக்கில் யாரும் அந்தச் சுவிச்சைத் தொடுவதில்லை. முதல் மழையன்று தொடுவார்கள். அது அசையாது. அப்போதே தீர்ப்பும் வந்துவிடும்: "மோட்டர் போய்விட்டது."

முள்ளிக்குளத்து மாஸ்ரர் ஒருவரின் மொறிஸ் மைனருக்கும் இந்தத் தீர்ப்பு கிடைத்திருந்தது. தீர்ப்புச் சொன்ன இளைஞர் காரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று மாஸ்ரர் தொலைபேசியில் குறைப்பட்டார். புதிய மோட்டருக்கு அவர் சொன்ன விலை மாஸ்ரரின் ஓய்வூதியத்துக்கு எட்டாதது. பழைய கார் என்பதால் அதை ஒரு பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய துணைவியாருக்கு முட்டு வருத்தம். பருவமழை நாட்களில்தான் அது கூடும். அதுவும் பெரும்பாலும் இரவில். காட்டோரத்திலிருந்து புறப்பட்டு மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை, அரிப்பு என்று வந்து, அருவியாற்றைக் கடந்து மன்னார் ஆஸ்பத்திரியை அடைய வேண்டும். முந்திய ஆண்டு மழையில் மாஸ்ரர் வலது கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இடது கையால் அந்த வழி முழுவதும் ஓட்டியிருக்கிறார். எழுபதைக் கடந்த மனிதர்.

அந்தக் கார் அவரிடம் எஞ்சியதே ஒரு விந்தை. 2007 செப்ரெம்பரில், படை நடவடிக்கைகளின்போது, முள்ளிக்குளம் மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். கையில் எடுத்தது மட்டுமே மிச்சம் என்ற நிலை. பின்னர் வடமேற்குக் கடற்படைக் கட்டளைத் தலைமையகம் அங்கே அமைந்தது. 2012இல் திரும்பிய குடும்பங்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில்களைப் போட்டுக்கொண்டன. 2017 மார்ச்சில் மக்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தபோது நான் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். ஏப்ரல் இறுதியில் நூறு ஏக்கர் விடுவிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. மாஸ்ரரை அறிந்தது அந்தப் போராட்டக் கொட்டகையில்தான். வீடு, தோட்டம், பள்ளிக்கூடக் காலத்துப் புகைப்படங்கள் எல்லாம் போக, கார் மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்டேன். "அது பழுதாய்ப் போய் மன்னாரில கராச்சில நிண்டது தம்பி. ஓடக்கூடியதாய் இருந்திருந்தால் அதுவும் ஊரோட போயிருக்கும்" என்றார்.

மொறிஸ் மைனரைப் பற்றி இரண்டொரு வார்த்தை. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்தது. 1970களின் தொடக்கம்வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இலங்கையில் ஆசிரியர்களும் அஞ்சலதிபர்களும் டாக்குத்தர்மாரும் விரும்பி வாங்கிய கார். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த சாள்ஸ் வெயர் என்பவரின் முயற்சியோடு, இந்தக் காருக்கான பாகங்களைச் செய்து ஏற்றுமதி செய்யும் தொழிலகம் ஒன்றே இலங்கையில் உருவாயிற்று. அதே 1990களில் வடக்கில் எங்களுக்குப் பெற்றோல் கிடையாது. பொருளாதாரத் தடையின் கீழ், சூப்பிப் போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டிய என் தாய்மாமன் அதில் சூரர். அவருடைய பட்டறையில் குறடு எடுத்துக் கொடுத்த வகையில்தான் எனக்கும் இந்தக் கார்களின் வயிறு பழக்கம். பல்கலைக்கழகத்தில் நான் படித்த கலைமாணிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

சென்ற ஆண்டு புரட்டாதியின் இறுதியில் மலங்காட்டுக்குப் போனேன். சுவிச்சைப் போட்டால் வைப்பர் கைகள் ஒரு சாண் எழும்பி, முக்கி, நின்றுவிடும். மோட்டர் உறுமும், சற்று நேரத்தில் கைவைக்க முடியாதபடி சுடும். அசைய முடியாமல் நிற்கும் மோட்டர் ஓடும் மோட்டரைவிடப் பல மடங்கு மின்னை இழுக்கும். அப்படியே விட்டால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி கருகும். பிறகு தீர்ப்பு உண்மையாகிவிடும்.

பிறேக்கை மிதிக்கச் சொல்லி, பின்னால் போய்ப் பார்த்தேன். சிவப்பு விளக்கு பிரகாசமாக எரிந்தது. மைனரில் வைப்பருக்கும் பிறேக் விளக்குக்கும் ஒரே பியூஸ். எனவே பியூஸைக் கழற்ற வேண்டிய தேவையில்லை.

அடுத்தது சுவிச். இந்தக் காரில் வைப்பர் சுவிச் மோட்டருக்கு மின்னைக் கொண்டுபோவதில்லை. மோட்டரிலிருந்து திரும்பும் வழியை, அதாவது கார் உடலோடு சேரும் இணைப்பைத்தான் அது திறந்து மூடுகிறது. ஆகவே மோட்டரின் அந்த முனையிலிருந்து ஒரு துண்டு வயரை நேரே உடலின் சுரண்டிய இரும்பில் தொட்டுப் பார்த்தால் போதும். தொட்டபோது வைப்பர் சற்று உசாராகக் கிளம்பி, மீண்டும் அதே இடத்தில் முக்கியது. சுவிச்சின் பக்கம் சிறு குறை உண்டு, பெருங்குறை வேறெங்கோ என்று பொருள்.

இனி மோட்டரையே விசாரிக்க வேண்டும். இது லூகாஸ் வகை மோட்டர். அது சுழலும்; ஆனால் வைப்பருக்கு வேண்டியது சுழற்சியல்ல, போய்வரும் அசைவு. உள்ளே ஒரு பற்சக்கரமும் தண்டும் சேர்ந்து, பற்கள் சுற்றிய ஒரு வளையும் கம்பியை முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும். அந்தக் கம்பி ஒரு குழாய்க்குள்ளே ஓடிப்போய், கண்ணாடியின் கீழுள்ள இரண்டு சிறு பற்சக்கரங்களைத் திருப்பும். வைப்பர் கைகள் நிற்பது அவற்றின் அச்சுகளில்தான். மூடியைத் திறந்து கம்பியை மோட்டரிலிருந்து கழற்றினேன். சுவிச்சைப் போட்டார் மாஸ்ரர். மோட்டர் பூனைபோல ஓடிற்று.

"அப்ப மோட்டர் போகேல்லையோ?" என்றார்.

"மோட்டர் கழுதை மாதிரி, மாஸ்ரர். பாரம்தான் கூடிப்போச்சு."

பாரம் எவ்வளவு என்பதைக் கையால் இழுத்துச் சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. பழைய கைநூல்கள் இதற்கு ஓர் அளவு தருகின்றன: வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டுக் கம்பியை இழுக்கும்போது ஆறு இறாத்தலுக்கு மேல் விசை தேவைப்படக் கூடாது. நம் கணக்கில் 2.7 கிலோ. அளக்கக் கருவி? அயல் வீட்டில் மீன் நிறுக்கும் விற்றராசு இருந்தது. அந்த வீட்டுத் தம்பி சந்தேகத்தோடு தந்தார். கொக்கியைக் கம்பியின் நுனியில் மாட்டி இழுத்தோம். ஐந்து கிலோவைத் தாண்டிய பின்புதான் கம்பி நகர்ந்தது. "நல்ல விளைமீன்" என்றார் மாஸ்ரர்.

கம்பியை முழுவதும் உருவி எடுத்தபோது காரணம் தெரிந்தது. என்றோ பூசிய கிறீஸ் மெழுகுதிரிபோல இறுகி, பற்களை அடைத்திருந்தது. அச்சுகளை விரலால் திருப்பிப் பார்த்தேன். வலது இலகுவாகத் திரும்பியது. இடது குறடு கேட்டது. அந்தக் கரையின் உப்புக்காற்றை நான் குறைத்து மதிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகையையே அது தின்று முடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு விரலளவு அச்சு எம்மாத்திரம்?

மருந்து பழையதுதான்: மண்ணெண்ணெய். இடது அச்சுக்கு ஓர் இரவு முழுவதும் துளித்துளியாக விட்டோம். குழாய்க்குள் சீலை கட்டிய கம்பியை விட்டு, சீலை வெளுப்பாக வரும்வரை இழுத்தோம். புதிய கிறீஸ் பூசிக் கம்பியை ஏற்றி, மீண்டும் தராசை மாட்டினால் ஒன்றரைக் கிலோ. மோட்டரைத் திறந்த கையோடு கரித்துண்டுகளையும் பார்த்துக்கொண்டேன். தேய்ந்திருந்தாலும் இன்னும் சில மழைக்காலங்களைத் தாங்கும். அவை உராயும் செப்பு வளையத்தைப் பெற்றோல் தோய்த்த துணியால் துடைத்தபோது கருமை போய்ச் செம்மை தெரிந்தது. சுவிச்சின் சிறு குறை உடலோடு சேரும் ஆணியில் இருந்தது. துருவைச் சுரண்டி இறுக்கியதும் அதுவும் தீர்ந்தது.

மொத்தச் செலவு ஒரு சிறு டப்பா கிறீஸும் அரைப் போத்தல் மண்ணெண்ணெயும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை இந்நாட்டில் பழைய கார்கள் வைரம்போல விலைபோயின. திறந்த பின்னும் புதிய கார் எங்களைப் போன்றவர்களுக்குக் கானல்நீர்தான். இந்த நிலையில், திறந்து பார்க்காமலே 'மாற்று' என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கோபத்தைத் தருகிறது. மாற்ற வசதியில்லாத வீட்டுக்கு அந்தச் சொல்லின் பொருள் 'இனி மழையில் வெளிக்கிடாதே' என்பதுதான்.

ஒரு சோதனை பாக்கியிருந்தது. காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டக்கூடாது. இறப்பர் கிழியும், மோட்டருக்கும் வதை. மாஸ்ரர் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளிக் கண்ணாடியில் ஊற்ற, அவருடைய துணைவியார் உள்ளே இருந்து சுவிச்சைப் போட்டார். இரண்டு கைகளும் எழும்பி, போய், வந்தன. அவர் உள்ளே சிரிப்பது தெரிந்தது. நிறுத்தியபோது கைகள் கீழே போய்ப் படுக்காமல் நாலு விரற்கடை மேலே நின்றன. மோட்டரின் தலையிலுள்ள கும்மட்ட மூடியைச் சற்றுத் திருப்பினால் அவை நிற்கும் இடம் மாறும். திருகாணியைத் தளர்த்தப் போனேன்.

"கிடக்கட்டும் தம்பி. எங்க நிண்டாலும் பறவாயில்லை, போய் வந்தால் காணும்" என்று தடுத்துவிட்டார். நான் கேட்கவில்லை, திருப்பித்தான் வைத்தேன்.

தராசை மாலையில் திருப்பிக் கொடுத்தோம். மறுநாள் காலையில் அந்தத் தம்பி வேலியருகே வந்து, கொக்கியில் கிறீஸ் மணக்கிறது, வியாபாரி மீனை மணந்து பார்த்துவிட்டு விலையைக் குறைக்கிறான் என்று முறையிட்டார். மாஸ்ரர் சவர்க்காரத்தோடு கிணற்றடிக்குப் போனார்.